கிரிப்டோ கடன் தளத்துக்கும் ஓர் அடகுச் சீட்டு வேண்டும்

கடன் கொடுப்பதும் கடன் வாங்குவதும் நம் தொழிலின் ரத்த ஓட்டம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் ஆகிய ஊர்களில் தோல் வியாபாரம் செய்யும் எவரும் ரொக்கத்துக்கே வாங்கி ரொக்கத்துக்கே விற்றதில்லை. பச்சைத் தோல் மண்டிக்காரர் டேனரிக்குக் கடன் கொடுக்கிறார். ரசாயனம் விற்கும் நாம் டேனரிக்கு அறுபது நாள், தொண்ணூறு நாள் தவணை கொடுக்கிறோம். டேனரி ஷூ கம்பெனிக்குக் கொடுக்கிறது. வெளிநாட்டுப் பணம் வந்து சேர்ந்தால் எல்லோருக்கும் மூச்சு வரும். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி விதித்தபோது, இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி இறுகினால் எத்தனை கண்ணிகள் இறுகும் என்பதை நேரில் பார்த்தோம்.

இப்படிப் பணம் முடங்கும் காலத்தில் புதுப்புது வாசல்கள் திறக்கும். அவற்றுள் ஒன்று கிரிப்டோ கடன். பெங்களூரில் கணினி வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் சிலர் பிட்காயின் வாங்கி வைத்திருக்கிறார்கள். "காயினை விற்க வேண்டாம், அடமானம் வைத்தால் பத்து நிமிடத்தில் பணம்" என்றும், "காயினைச் சும்மா வைத்திருப்பானேன், போட்டு வைத்தால் வட்டி" என்றும் செல்பேசித் திரை அழைக்கிறது. அத்தகைய திரை எதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், எதை மறைத்தால் நாம் விலகி நிற்க வேண்டும் என்பதே இந்தப் பாடம். இதைப் பயன்படுத்துவோருக்கும், இத்தகைய தளங்களை வடிவமைக்கும் வேலையில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் சேர்த்தே எழுதுகிறோம்.

இரண்டு வாசல்கள்

கிரிப்டோ கடன் தளம் என்பது அடிப்படையில் இரண்டு வாசல் உள்ள கடை. முதல் வாசலில் ஒருவர் தம் காயினைக் கொடுத்து வட்டி பெறுகிறார். இரண்டாம் வாசலில் இன்னொருவர் தம் காயினை அடமானம் வைத்து, டாலருக்குச் சமமான காயினாகவோ பணமாகவோ கடன் பெறுகிறார். முதல் வாசலில் வந்த காயினைத் தளம் வேறு யாருக்கோ கூடுதல் வட்டிக்குக் கொடுக்கிறது. இடையில் நிற்கும் வித்தியாசம் தளத்தின் லாபம். நிதி நிறுவனம் நடத்துவோருக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை. புதுமை எல்லாம் திரையில்தான். வண்ணமும் படமும் பெரிதாகத் தெரியும்; நிபந்தனைகள் பொடி எழுத்தில் முப்பது, நாற்பது பக்கம் ஓடும்; அடியில் "ஒப்புக்கொள்கிறேன்" என்ற ஒரு பொத்தான் இருக்கும்.

பொருள் யாருடையது?

நம் ஊரில் ஒருவர் ஆயிரம் தோலை டேனரிக்கு அனுப்புகிறார் என்றால் அதற்கு இரண்டு பொருள் உண்டு. கூலிக்குப் பதனிட அனுப்பியிருந்தால் தோல் அனுப்பியவருடையது. டேனரி நொடித்துப் போனாலும் "என் தோலைக் கொடு" என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. கடனுக்கு விற்றிருந்தால் தோல் டேனரியுடையது. டேனரி நொடித்தால் அவர் கடன்காரர்கள் வரிசையில் கடைசியில் நிற்க வேண்டியவர். வண்டி அதே, தோல் அதே, வாசல் அதே. செலானா பில்லா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதை நம் கடைக் கணக்குப்பிள்ளை கூட அறிவார்.

அமெரிக்காவின் செல்சியஸ் நெட்வொர்க் என்ற தளத்தில் லட்சக்கணக்கானோருக்கு இந்த வேறுபாடு தெரியவில்லை. அந்தத் தளத்தில் "ஏர்ன்", அதாவது "சம்பாதி" என்ற பெயரில் ஒரு கணக்கு இருந்தது. காயினைப் போட்டால் வாரா வாரம் வட்டி ஏறும். 2022 ஜூன் 12 அன்று யாரும் காயினைத் திரும்ப எடுக்க முடியாதபடி நிறுவனம் வாசலை மூடியது. ஜூலை 13 அன்று திவால் மனு கொடுத்தது. அப்போது "ஏர்ன்" கணக்குகள் சுமார் 6 லட்சம். அவற்றில் இருந்த காயின்களின் மதிப்பு சுமார் 420 கோடி டாலர்.

போட்டவர்கள் "எங்கள் காயினைக் கொடுங்கள்" என்றார்கள். 2023 ஜனவரி 4 அன்று நியூயார்க் திவால் நீதிமன்ற நீதிபதி மார்ட்டின் கிளென், அந்தக் காயின்கள் போட்டவர்களுடையவை அல்ல, நிறுவனத்தின் சொத்து என்று தீர்ப்பளித்தார். காரணம், அவர்கள் பொத்தானை அழுத்தி ஏற்ற நிபந்தனைகளில் உடைமை நிறுவனத்துக்கு மாறுகிறது என்று எழுதியிருந்தது. அதே நிறுவனம் "கஸ்டடி" என்று இன்னொரு கணக்கும் வைத்திருந்தது. அதில் உடைமை வாடிக்கையாளரிடமே இருக்கும் என்று எழுதியிருந்தது. அந்தக் கணக்கில் இருந்தவற்றில் ஒரு பகுதியைத் திருப்பித் தர அதே நீதிமன்றம் 2022 டிசம்பரிலேயே அனுமதித்தது. ஒரே செயலி, ஒரே நிறுவனம், இரண்டு பெயர். ஒருவருக்கு செலான், மற்றவருக்கு பில். நிறுவனத் தலைவர் அலெக்ஸ் மஷின்ஸ்கி மோசடிக்காக 2025 மே மாதம் 12 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். ஆனால் போட்டவர்கள் வரிசையில் கடைசியில் நின்றதற்குக் காரணம் அவருடைய மோசடி அல்ல. படிக்காமல் ஒப்புக்கொண்ட நிபந்தனை.

இதிலிருந்து திரை அமைப்போர் கற்க வேண்டியது, பொத்தானில் "சம்பாதி" என்று எழுதக் கூடாது என்பதே. நடப்பது கடன் கொடுத்தல். ஆகவே "என் காயினை இந்த நிறுவனத்துக்குக் கடனாகக் கொடுக்கிறேன்" என்று எழுதினால் பாமரனுக்கும் புரியும். புரிந்த பின் சிலர் விலகுவார்கள். விலக வேண்டியவர் விலகட்டும்.

ஒரே ஒரு சொல்

பிளாக்ஃபை என்பது இதே போன்ற இன்னொரு அமெரிக்கத் தளம். பெரிய நிறுவனங்களுக்குத் தாங்கள் கொடுக்கும் கடன்களுக்கு "பொதுவாக" கடனை விட அதிக மதிப்புள்ள ஈடு வாங்குவதாகத் தன் தளத்தில் எழுதியிருந்தது. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் கணக்கைப் பார்த்தபோது, அத்தகைய ஈடு இருந்தது 2019இல் சுமார் 24 சதவீதக் கடன்களுக்கும், 2020இல் சுமார் 16 சதவீதக் கடன்களுக்கும் மட்டுமே. 2022 பிப்ரவரியில் ஆணையத்துக்கும் மாநிலங்களுக்கும் சேர்த்து 10 கோடி டாலர் கட்ட நிறுவனம் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு நவம்பரில் அதுவும் திவாலானது.

நூற்றுக்கு இருபத்தைந்து கூட இல்லாததை "பொதுவாக" என்றார்கள். "சாதாரணமாக", "பெரும்பாலும்", "வரை" என்ற சொற்களைத் திரையில் கண்டால் அங்கே எண்ணைக் கேட்க வேண்டும். நல்ல திரையில் அந்தச் சொல் இருக்கும் இடத்தில் எண் இருக்கும்: சென்ற மாதம் கொடுத்த கடன்களில் நூற்றுக்கு எத்தனைக்கு ஈடு இருக்கிறது என்று.

நமக்கு அருகிலும் ஒரு நிகழ்ச்சி நடந்தது. சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தியாவிலும் இயங்கிய வால்ட் என்ற தளம் 2022 ஜூலை 4 அன்று பணம் எடுப்பதை நிறுத்தியது. அதற்கு முந்தைய மூன்று வாரத்துக்குள் வாடிக்கையாளர்கள் 19 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் எடுத்துவிட்டதாக நிறுவனமே தெரிவித்தது. முந்தியவர் எடுத்தார், நம்பி இருந்தவர் மாட்டிக்கொண்டார். "எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்" என்று எழுதும் தளம், "எப்போது எடுக்க முடியாது" என்பதையும் அதே அளவு எழுத்தில் எழுதியாக வேண்டும்.

அடமானம் விற்கப்படும் எல்லை

இனி இரண்டாம் வாசல். நகை அடகு நமக்குப் பழக்கம். 1943ஆம் ஆண்டு அடகு பிடிப்போர் சட்டப்படி அடகு வைத்தவருக்குச் சீட்டு கொடுத்தாக வேண்டும். ஏலம் விடுவதென்றால் முன்னறிவிப்பு உண்டு. தங்கம் விலை ஒரே இரவில் பாதியாவதும் இல்லை.

காயின் அப்படி அல்ல. அதன் விலை இறங்கினால் கடை திறக்கும் வரை யாரும் காத்திருப்பதில்லை. கணினியே நள்ளிரவிலும் விற்றுவிடும். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ரூ.1,00,000 மதிப்புள்ள காயினை வைத்து ரூ.50,000 கடன் வாங்குகிறோம். கடன் ஈட்டின் மதிப்பில் 70 சதவீதத்தைத் தொட்டால் எச்சரிக்கை, 80 சதவீதத்தைத் தொட்டால் விற்பனை என்பது நிபந்தனை. காயின் மதிப்பு சுமார் ரூ.71,400க்கு இறங்கும்போது எச்சரிக்கை வரும். ரூ.62,500க்கு இறங்கியவுடன் விற்பனை. அபராதம் கடனில் 5 சதவீதம் என்றால் ரூ.2,500. கடன் ரூ.50,000 போக, நம் கைக்குத் திரும்புவது ரூ.10,000. வட்டி சேரச் சேர இந்த எல்லை இன்னும் அருகில் வரும்.

2020 மார்ச் 12 அன்று கொரோனா பீதியில் பிட்காயின் விலை ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. அன்று மேக்கர் என்ற தளத்தில் நடந்தது பாடப் புத்தகத்தில் வைக்கத் தக்கது. அடமானம் விற்கப்பட்டால் அபராதம் 13 சதவீதம் என்றே வாடிக்கையாளர்கள் அறிந்திருந்தார்கள். ஆனால் அன்றைய நெரிசலில் ஏலத்துக்கு வேறு ஆள் வராததால், சிலர் ஒன்றுமே கொடுக்காமல் ஏலம் எடுத்தார்கள். இப்படி 80 லட்சம் டாலருக்கு மேற்பட்ட ஈடு பூஜ்யத்துக்குப் போயிற்று. 13 போகும் என்று நினைத்தவர்களில் சிலருக்கு நூறும் போயிற்று. ஆகவே சாதாரண நாளில் என்ன நடக்கும் என்பது மட்டும் திரையில் இருந்தால் போதாது. மிக மோசமான நாளில் என்ன நடக்கும் என்பதும் இருக்க வேண்டும்.

இந்த விற்பனைக்கு நம் நாட்டில் வரியும் உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் காயினை விற்றுக் கிடைக்கும் லாபத்துக்கு 30 சதவீத வரி. ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க இடமில்லை. தளம் தானாக விற்றாலும் விற்பனை விற்பனையே. இதையும் முன்கூட்டியே சொல்லும் திரைதான் நல்ல திரை.

வட்டியை நம் மொழியில் சொல்ல வேண்டும்

நம் கடைத்தெருவில் "ஒரு ரூபாய் வட்டி", "ஒன்றரை ரூபாய் வட்டி" என்றால் நூற்றுக்கு மாதம் எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். ஒன்றரை வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம். கிரிப்டோ தளங்களோ ஆண்டு வட்டி, கூட்டு வட்டி, மாறும் வட்டி என்று மூன்று விதமாகக் காட்டுகின்றன. கொடுப்பவரிடம் கூட்டு வட்டியைப் பெரிதாகவும், வாங்குபவரிடம் தனி வட்டியைச் சிறிதாகவும் காட்டுவது அவர்கள் வழக்கம்.

மேலே சொன்ன ரூ.50,000 கடனையே எடுத்துக்கொள்வோம். ஆண்டு வட்டி 12 சதவீதம், அதாவது ஒரு ரூபாய் வட்டி. தவணை மூன்று மாதம். நடைமுறைக் கட்டணம் 2 சதவீதம் முன்னதாகவே பிடித்தம். கையில் கிடைப்பது ரூ.49,000. திருப்பிக் கட்ட வேண்டியது ரூ.51,500. மூன்று மாதத்துக்குச் செலவு ரூ.2,500. கையில் வாங்கிய தொகைக்குக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 20 சதவீதத்துக்கு மேல், அதாவது சுமார் ஒரு ரூபாய் எழுபது காசு வட்டி. ஒரு ரூபாய் என்று சொல்லி ஒன்று எழுபது. கட்டணத்தை வட்டியோடு சேர்த்துக் காட்டாத வரை இது வெளியே தெரியாது.

நம் நாட்டில் வழி இருக்கிறது

இப்படித் தெளிவாகச் சொல்ல முடியுமா என்று கேட்பவர்களுக்கு நம் ரிசர்வ் வங்கியே பதில் சொல்லியிருக்கிறது. 2022 செப்டம்பரில் செல்பேசி வழிக் கடன்களுக்கும், பின்னர் 2024 ஏப்ரல் 15 சுற்றறிக்கை மூலம் எல்லாச் சில்லறைக் கடன்களுக்கும் சிறு, குறு, நடுத்தரத் தொழில்களின் தவணைக் கடன்களுக்கும் முக்கிய விவரச் சீட்டு ஒன்றைக் கட்டாயமாக்கியது. 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் புதிய கடன்களுக்கு இது பொருந்தும். எல்லாக் கட்டணமும் சேர்ந்த உண்மையான ஆண்டு வட்டி அதில் இருக்க வேண்டும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். அதில் இல்லாத கட்டணத்தை அவருடைய வெளிப்படையான சம்மதம் இன்றி வசூலிக்கக் கூடாது. செல்பேசி வழிக் கடனில் மனம் மாறினால் அபராதம் இன்றி விலகவும் குறைந்தது ஒரு நாள் அவகாசம் உண்டு.

அதேபோல் 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 வகைத் திரை உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. "இன்னும் ஐந்து நிமிடம்தான்" என்று பொய் அவசரம் காட்டுவது, சேருவதை எளிதாக்கி விலகுவதைக் கடினமாக்குவது, கட்டணத்தைக் கடைசியில் சொருகுவது எல்லாம் அதில் அடங்கும்.

வங்கிகளுக்கும் வங்கியல்லா நிதி நிறுவனங்களுக்கும் உரிய கடன் சீட்டு விதி கிரிப்டோ கடன் தளங்களைக் கட்டுப்படுத்துவதில்லை. வங்கி வைப்புக்கு உள்ள ரூ.5 லட்சம் காப்பீடும் அங்கே கிடையாது. ஆனாலும் நல்ல தளம் நடத்த நினைப்பவர் சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மாதிரி கண்முன் இருக்கிறது.

ஒரு பக்கச் சீட்டு

அடகுச் சீட்டில் பொருள், எடை, மதிப்பு, கொடுத்த தொகை, வட்டி, தேதி இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அதைப் பத்திரமாக முடிந்து வைப்பார். அதே போல, பணமோ காயினோ கைமாறும் முன் திரையில் கீழ்க்கண்ட எட்டு வரிகள் தமிழில், பெரிய எழுத்தில், ஒரே பக்கத்தில் வர வேண்டும்:

1. காயின் இனி யாருடையது: உங்களுடையதா, நிறுவனத்துடையதா.
2. நிறுவனம் எந்த நாட்டில், எந்தச் சட்டப்படி பதிவானது. புகார் எங்கே கொடுப்பது.
3. உங்கள் காயினை யாருக்குக் கடன் கொடுக்கிறோம். அதற்கு ஈடு எவ்வளவு வாங்குகிறோம்.
4. கையில் கிடைப்பது எத்தனை ரூபாய், திருப்பிக் கட்டுவது எத்தனை ரூபாய், எந்தத் தேதியில்.
5. எல்லாக் கட்டணமும் சேர்த்து வட்டி ஆண்டுக்கு எத்தனை சதவீதம். நூற்றுக்கு மாதம் எத்தனை ரூபாய். வட்டி மாறுமா.
6. காயின் எந்த விலைக்கு இறங்கினால் எச்சரிக்கை, எந்த விலையில் விற்பனை. விற்றபின் உங்களுக்கு மிஞ்சுவது எவ்வளவு.
7. பணம் எடுப்பதை நாங்கள் எந்தச் சூழ்நிலையில் நிறுத்தலாம்.
8. நிறுவனம் நொடித்தால் நீங்கள் எந்த வரிசையில் நிற்பீர்கள்.

திரை அமைக்கும் இளைஞர்களுக்கு மேலும் சில சொல்லலாம். தொகைகளை லட்சம், கோடி என்று காட்டுங்கள். போடும் பொத்தானும் எடுக்கும் பொத்தானும் ஒரே அளவில், ஒரே பக்கத்தில் இருக்கட்டும். விற்பனை எல்லையைச் சதவீதத்தில் மட்டும் காட்டாமல், "இன்றைய விலையிலிருந்து நூற்றுக்கு 37½ ரூபாய் இறங்கினால்" என்று காட்டுங்கள். எச்சரிக்கையைச் செயலிக்குள் மட்டும் போடாமல் குறுஞ்செய்தியாகவும் தொலைபேசி அழைப்பாகவும் அனுப்புங்கள். இரவு இரண்டு மணிக்குச் செயலியை யார் திறந்து பார்ப்பார்? "ஒப்புக்கொள்கிறேன்" என்ற பொத்தானுக்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "நிறுவனம் நொடித்தால் இந்தக் காயின் யாருடையது?" சரியான பதிலைத் தொட்டவருக்கு மட்டும் அடுத்த பக்கம் திறக்கட்டும். முடிவில் அந்தச் சீட்டைத் தேதியோடு வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிடுங்கள். பின்னாளில் நிபந்தனையை மாற்றினால் பழைய சீட்டையும் புதிய சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள்.

வணிகர்கள் கவனிக்க வேண்டியவை

சீட்டு தெளிவாக இருந்துவிட்டால் எல்லாம் பத்திரம் என்று பொருளல்ல. வேலூரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய ஐ.எஃப்.எஸ். நிறுவனம், மாதம் 6 சதவீதத்துக்கு மேல் வட்டி தருவதாகக் கூறிப் பல்லாயிரம் பேரிடம் பணம் வாங்கியதாகப் பொருளாதாரக் குற்றப் பிரிவு 2022இல் வழக்குப் பதிந்தது. அங்கே எண் தெளிவாகத்தான் இருந்தது. ஆறு வட்டி என்பதை விடத் தெளிவு ஏது? அந்த ஆறு எந்தத் தொழிலிலிருந்து வரும் என்பதுதான் தெளிவாக இல்லை. தோல் வியாபாரத்தில் மாதம் ஆறு சதவீதம் நிகர லாபம் தொடர்ந்து பார்த்தவர் யாரேனும் இருந்தால் கை தூக்கட்டும். மேலே உள்ள மூன்றாம் வரி அதனால்தான் முக்கியமானது.

சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் கிரிப்டோ காயினும் ஒரு சொத்தே, ஒருவர் மற்றொருவருக்காகப் பொறுப்பில் வைத்திருக்கக் கூடியதே என்று கூறியிருக்கிறது. இது காயின் வைத்திருப்போருக்கு ஓரளவு பலம். ஆனால் உடைமையை நாமே எழுதிக் கொடுத்துவிட்டால் எந்தத் தீர்ப்பும் எளிதில் மீட்டுத் தராது.

இன்னொன்று. ஏற்றுமதிப் பணம் அங்கீகரிக்கப்பட்ட வங்கி வழியாகத்தான் வர வேண்டும். "பில்லுக்குப் பதில் காயின் அனுப்புகிறேன்" என்று எந்த வெளிநாட்டு வாங்குபவர் சொன்னாலும் மறுத்துவிட வேண்டும். கடையின் சுழல் முதலைக் காயினில் போடுவதும், காயினை அடகு வைத்துத் தோலுக்கு முன்பணம் கொடுப்பதும் நம் தொழிலுக்கு ஆகாது. தோல் விலையும் காயின் விலையும் ஒரே வாரத்தில் இறங்கினால் இரண்டு பக்கமும் அடி விழும்.

பிள்ளைகள் தங்கள் சேமிப்பில் ஈடுபட்டிருந்தால் திட்டுவதால் பயனில்லை. எட்டு வரிகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, தளத்தைப் பார்த்து நிரப்பிக்கொண்டு வரச் சொல்லுங்கள். எட்டும் நிரம்பினால் உட்கார்ந்து பேசலாம். முதல் வரியோ மூன்றாம் வரியோ எட்டாம் வரியோ காலியாக இருந்தால், அந்தக் காலி இடமே பதில். சரக்கு யாருடையது என்று பில்லில் எழுத மறுப்பவரிடம் நாம் ஒரு மூட்டை உப்பு கூட வாங்குவதில்லை.